மலை ரவுட்டரில் 3:07

நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் கீழே வரும் நேரங்கள் எதுவும் என் ஞாபகத்திலிருந்து எடுத்தவை அல்ல. இயந்திரங்களின் பதிவுகளைப் பார்த்துக் குறித்தவை. இயந்திரங்களுக்குக் கற்பனை கிடையாது.

அன்று எனக்கு வேலை இரவு இரண்டிலிருந்து நான்கு மணி வரை. ஊர் தூங்கும்போதுதான், போன் போக்குவரத்தைத் திருப்பிவிடும் பெரிய ரவுட்டர்களைத் தொட எங்களை விடுவார்கள்.

மலைப் பக்கத்து எட்டு ஊர்களின் ஆம்புலன்ஸ் அழைப்புகள், உச்சியிலுள்ள எங்கள் நிலையத்திலிருந்து நகரத்துக்குத் தனிப் பாதை ஒன்றில் வருகின்றன. டனல் என்போம். அதில் நுழையும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலையிலும் ஓர் எண் ஒட்டப்படும். அதுதான் லேபிள். வழியிலுள்ள ரவுட்டர்கள் முகவரியைப் படிப்பதில்லை. லேபிளைப் பார்த்து, கிழித்துப் போட்டு, வேறொன்றை ஒட்டி, அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிடும். எந்த வழியாகத் தள்ள வேண்டும் என்று எழுதி வைப்பது என் வேலை.

வடக்குக் கேபிள் போகும் பாலத்தைக் காலை ஐந்து மணிக்கு உடைக்கப் போகிறார்கள். அதற்குள் டனலைத் தெற்கே திருப்பியாக வேண்டும். இடையில் பிசகினால் எட்டு ஊர்களிலிருந்தும் ஆம்புலன்ஸுக்குப் போன் போகாது.

நான் நகரத்துக் கட்டுப்பாட்டு அறையில். பக்கத்து மேசையில் எங்கள் ஷிஃப்ட் அக்கா. மலையில் டெக்னீஷியன் ஒருவர், தனியாக. ரவுட்டரின் முகத்திலேயே ஒரு கேபிளைச் செருகி, எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார். நான் இங்கிருந்து ரவுட்டருக்குள் நுழைய முடியாமல் போனால் அவர்தான் என் கை. எல்லோரையும் மச்சான் என்று கூப்பிடுவதால் அவருக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. அவர் அறையின் மேசை போன் பழைய செம்புக் கம்பியில் ஓடுவது. டனலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.

"என்ன மச்சான், இன்னிக்காவது நாலு மணிக்கு முன்னாடி விடுவியா?"

"நீங்க வாயை மூடினா மூணுக்கே முடிச்சிடுவேன்."

"அப்ப ஆறு மணின்னு எழுதிக்கோ."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு பேரும் போனை வெச்சாலே பாதி வேலை முடிஞ்சிடும்டா."

2:51. டீ குடித்துவிட்டு வருவதாக மச்சான் சொன்னார். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத மச்சான்." நாற்காலி நகர்ந்தது. இரும்புக் கதவு... கிரீச்ச்... டம். அந்தக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து திறக்க அட்டை வேண்டும்.

அவர் நாற்காலியில் இல்லாதபோது மாற்றம் செய்யக் கூடாது என்பது எங்கள் விதி.

நான் காத்திருக்கவில்லை.

2:58. தெற்குப் பாதை எழுந்தது. திரையில் பச்சையாக 'அப்'. 3:00. அழைப்புகளை அதில் திருப்பினேன்; பழைய பாதை முழுதாகக் கழல இரண்டு நிமிடம் ஆகும். பத்து நிமிடத்துக்குள் நான் உறுதி செய்யாவிட்டால் ரவுட்டர் தானாகவே பழைய பாதைக்குத் திரும்பிவிடும். தப்பு நேர்ந்தால் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. சோதித்துப் பார்த்த பிறகே உறுதி செய்ய வேண்டும்.

பச்சையைப் பார்த்தேன். 3:01க்கு உறுதி செய்துவிட்டேன்.

'அப்' என்றால் பாதை இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அதில் வண்டி ஓடுகிறது என்று அர்த்தம் இல்லை.

3:02. மலை ரவுட்டரின் திரை உறைந்தது. நான் உள்ளே நுழைந்திருந்ததும் அதே டனல் வழியாகத்தான்.

"மச்சான்... வந்துட்டீங்களா?"

ஸ்பீக்கரில் மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும்.

3:04. மேசையில் இன்னொரு போன் அடித்தது. ஆம்புலன்ஸ் மையத்தில் மலை ஊர்களின் அழைப்பை எடுக்கும் பெண்.

"சார், பேசிட்டிருந்த கால் பாதியில அறுந்துடுச்சு, அப்புறம் என் போன் அடிக்கவே மாட்டேங்குது."

"ராத்திரி தானேம்மா..."

"எட்டு வருஷமா இந்த சீட்ல இருக்கேன். இவ்வளவு அமைதியா இருந்ததே இல்ல. ஏதோ தப்பா இருக்கு சார்."

நான் தயாரித்து வைத்திருந்த கட்டளைகளை மேலிருந்து படித்தேன். 3:05க்குக் கண்ணில் பட்டது. மலை ரவுட்டரின் தெற்கு வாயிலில் ஒரு வரி இல்லை. லேபிளைப் படிக்கச் சொல்லும் வரி. பாதை போட்டிருக்கிறேன், ஆனால் வாசலிலேயே எல்லாப் பொட்டலமும் குப்பைக்குப் போகிறது. உறுதியும் செய்தாயிற்று. இனி அது தானாகத் திரும்பாது.

"மச்சான்! மச்சான்!"

அக்கா அவருடைய கைபேசிக்கு அடித்தார். மலைக் கைபேசிகளும் அந்த நிலையம் வழியாகத்தான். போகவில்லை.

3:07.

ஸ்பீக்கரில் நாற்காலி நகர்ந்தது.

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கதவு திறந்த சத்தம் எங்கள் இருவருக்குமே கேட்கவில்லை.

"அப்பாடா. மச்சான், ஒரு வரி விட்டுட்டேன். சொல்றேன், அடிங்க."

பதில் இல்லை. கோபம் என்று நினைத்தேன். நியாயமான கோபம்தான். வரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

டக்.

டக்... டக்.

ஒற்றை விரலில் அடிப்பதுபோல. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. சொன்னால் தொடர்ந்தது.

"எழுதுங்க... இப்ப என்டர்."

டக்.

3:09. என் திரை அசைந்தது. எண்கள் ஓட ஆரம்பித்தன. ஆம்புலன்ஸ் மையத்துப் போன் இன்னும் எங்கள் லைனிலேயே இருந்தது. அதற்குள் மணி அடிப்பது கேட்டது. ஒன்று... உடனே இன்னொன்று...

"வந்துடுச்சு சார்!" என்று அந்தப் பெண் வைத்துவிட்டார்.

"மச்சான், காப்பாத்திட்டீங்க. தப்பு என்னோடதுதான். ரெண்டு வார்த்தை திட்டிடுங்களேன்."

மின்விசிறி.

"மச்சான்?"

மின்விசிறி...

அக்கா என் தோளைத் தொட்டார். "யாரையாவது அனுப்பு. இப்பவே அனுப்பு."

அடிவாரத்திலிருந்து வண்டி ஏற ஒன்றரை மணி நேரமாகும். 4:52க்கு டிரைவர் பேசினார். மச்சான் வாசல் படியில் சாய்ந்து கிடந்தார். உடம்பு ஆறிப்போயிருந்தது. அறைக் கதவு பூட்டியே இருந்தது. அட்டை அவர் சட்டைப் பையில்.

விசாரணையில் வாசல் கேமராவின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். எனக்கு எதிரேதான் போட்டார்கள்.

2:52. கோப்பையோடு வெளியே வருகிறார்.

3:02. மார்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்.

3:03. போனைக் காதில் வைக்கிறார். 3:04. மறுபடியும். 3:05. மறுபடியும்.

3:06. போன் கையிலிருந்து விழுகிறது.

அதன் பிறகு 4:50 வரை அந்தப் படியில் எதுவும் அசையவில்லை. கதவை யாரும் திறக்கவில்லை. கதவின் பதிவும் அதையே சொன்னது. ரவுட்டரின் பதிவோ, 3:07க்கு அறைக்குள்ளிருந்து நேரடிக் கேபிள் வழியாக மச்சானின் பெயரில் நுழைவு, ஒரு வரி, 3:09க்கு முடிந்தது என்கிறது.

ஒரு வரி விடுபட்டதற்காக எனக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன். அந்த வரியை யார் எழுதினார்கள் என்ற கேள்விக்கு அறிக்கையில் இடம் ஒதுக்கி, காலியாகவே விட்டிருக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஆம்புலன்ஸ் மையத்துப் பெண் என்னைக் கூப்பிட்டார். நேரில் வரச் சொன்னார். ஓர் ஒலிப்பதிவைத் திறந்தார். அன்று லைன் திரும்பியதும் அவர் எடுத்த அழைப்புகளில் ஒன்றின் பதிவு அது. நேரம் 3:10. வந்த எண், மச்சானின் கைபேசி.

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன்.

"ஆம்புலன்ஸ் சேவை. சொல்லுங்க, எந்த இடம்?"

மச்சானின் குரல். மூச்சிரைப்பு இல்லை. அவசரம் இல்லை.

"ஒண்ணும் வேணாம்மா. போகுதான்னு பார்த்தேன், போகுது. நீங்க வெச்சிடுங்க... வேற யாராவது கூப்பிடுவாங்க."