மாற்று ஆள்

கோட்டோர் துறைமுகத்தில் படகுகளுக்கு வண்ணம் அடிக்கும் திராஷ்கோதான் மாண்டினீக்ரோ என்ற குட்டி நாட்டின் நீர்ப்பந்து அணியின் மைய ஆட்டக்காரன். அரையிறுதியில் எதிரே பெரிய பணக்கார நாடு. நீருக்கடியில் அந்த அணியின் ஒருவன் திராஷ்கோவின் விலாவில் உதைத்து வெளியேற்றப்பட்டான். மாற்றாக வந்தவன் பணத்துக்காக அந்த நாட்டில் குடியேறிய கோட்டோர்க்காரன் நிக்ஷா. வந்ததும் நடுவர் கண்ணில் படாமல் முழங்கையால் திராஷ்கோவின் மூக்கை உடைத்தான்.

"எத்தனை பேருடா வச்சிருக்கீங்க?" ரத்தத்தைத் துப்பினான் திராஷ்கோ.

"நம்ம ஊர்ல மொத்தமா இருக்கிறதவிட அதிகம். திருப்பி அடிச்சுப் பாரேன்."

அடித்தால் திராஷ்கோவும் வெளியே. இவனுக்கு மாற்று நாட்டிலேயே இல்லை.

"கைய அடக்குடா, கழுத," என்று கரையிலிருந்து கத்தினார் பயிற்சியாளர்.

அடக்கினான். ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றார்கள். ஆட்டம் முடிந்து கைகுலுக்க வந்த நிக்ஷாவின் தாடையை அதே கையால் பெயர்த்தான்.

இறுதி ஆட்டத்தில் அவனுக்குத் தடை. அவன் இடத்தில் தடுப்பாட்டக்காரன் ஒருவனை இறக்கிப் படுதோல்வி கண்டார்கள்.