பேட்டில் விழுந்த சிலுவை

தூத்துக்குடியில் லேசர் மிஷின் வைத்து மரத்தில் எழுத்தும் படமும் போட்டுக் கொடுக்கிறேன். கேரம் போர்டு, கேடயம், கிரிக்கெட் பேட் எல்லாம் வரும். கடற்கரை ஊர்களில் இறந்துபோன பையன்களின் நினைவாகப் போட்டி நடத்துவார்கள். அந்தக் கேடயங்களில் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவை போடுவோம். சிலுவை இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்ற மிதப்பு அப்போது உண்டு.

ஒரு நாள் காலையில் புன்னைக்காயலிலிருந்து ஓர் அம்மா பழைய பேட் ஒன்றைக் கொண்டுவந்தார். மகனுடையது. அவன் போன வள்ளம் கரை திரும்பவில்லை என்று பேப்பரில் படித்திருந்தேன்.

"அவன் பேரைப் போட்டுத் தாங்க அண்ணாச்சி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முந்திரிக்கொட்டை மாதிரி நானே சிலுவையைச் சேர்த்து மிஷினை ஓடவிட்டேன்.

பேட்டை வாங்கிப் பார்த்தவரின் முகம் மாறிவிட்டது.

"அவன் செத்துட்டான்னு யாரு சொன்னா ஒங்களுக்கு? திருநாள் மேட்சுக்கு வந்துருவான்னுல்லா பேரு போடச் சொன்னேன்."

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். சிலுவை போய், மரம் வெளுப்பாகத் தெரிந்தது. வெளுப்பு மறைய, பேட்டுக்குப் போடும் லின்சீட் ஆயிலை மேலே தடவினேன். எண்ணெய் ஊற ஊற, அதே இடத்தில் சிலுவை மெல்லக் கறுத்து வந்தது. சூடு உள்ளே இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி தேய்த்து எண்ணெய் தடவினேன். மறுபடி வந்தது, முன்னைவிடக் கருப்பாக. அதே சூட்டில் போட்ட பெயரோ, உப்புத்தாள் பட்டு மங்கிக்கொண்டே போனது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வெளியே பட்டப்பகலில் துறைமுகத்து லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

மூன்றாம் தடவை தேய்க்கப் போனபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். சிலுவையின் மேல் பெருவிரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார்.

"போதும் அண்ணாச்சி. அவன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கப் பங்குச் சாமியார்ட்ட சொல்லிக்கிடுதேன்."

அவர் பிள்ளையை நானே கொன்றுவிட்டதுபோல் இருந்தது. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. அவர் பேட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"பேரு அழிஞ்சுபோச்சு, பாருங்க. பேரை மட்டும் இன்னொருக்கா போட்டுத் தாங்க. சிலுவை கெடக்கட்டும்."