காக்பிட் வாசல்ல கழட்டி வச்ச செருப்பு

உள்ள கால வச்சதும் ஜில்லுனு இருந்துச்சி. அந்த ஜில்லு இன்னும் உள்ளங்கால்லயே கீது. பிளேன் ஓட்டுற ரூம, "காக்பிட்டு"ன்றாங்களே, அதுக்குள்ள வெறுங்காலோட பூந்தவன் இந்த அம்பத்தூர்ல நான் ஒருத்தன்தான். இல்லன்றவங்க வந்து சண்ட போடலாம்.

இங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கம்பெனி வச்சிருந்த மொதலாளி ஒருத்தரு ஊட்ல எங்கம்மா கைக்கொழந்தய பாத்துகினு இருந்துச்சி. எண்பதுங்களோட கடேசி, எனக்கு ஒம்போது வயசு. அவங்க ஊட்டு கல்யாணத்துக்கு பம்பாய்க்கு எங்களயும் கூட்டிகினு போனாங்க: கொழந்தய தூக்க அம்மா, அவங்க பெரிய பையன் கூட வெளயாட நானு. போறப்ப ரயிலு. வரப்ப கொழந்தைக்கு ஜுரம்னு பிளேனு. ஏறசொல்லவே அம்மா என் காத திருகிச்சி: "டேய், யாரு இன்னா குட்த்தாலும் வேணான்னு சொல்லு. உன் வாலுத்தனத்துல எம்பொழப்பு பூடப்போது."

அப்பல்லாம் நடுவானத்துல பறக்கசொல்ல கூட கேப்டன் சரின்னா புள்ளைங்க உள்ள போய் பாக்கலாம். ஏர்ஹோஸ்டஸ் அக்கா எங்க ரெண்டு பேரயும் கூப்ட்டாங்க. மொதலாளியம்மா, "இவன் மட்டும் வருவான், அவன் வேணாம்"னாங்க. அவங்க ஊட்லயும் நான் சமயக்கட்ட தாண்டுனதில்ல, அதால எனக்கு இது புச்சு இல்ல. போன பையன் "பயமா இருக்கு மம்மி"ன்னு அழுதுகினே திரும்பி வந்தான். மொதலாளியம்மா கண்ணசந்ததும் நான் நைசா எய்ந்து போய், "அக்கா, நானும்?"ன்னேன். அக்கா உள்ள கேட்டுட்டு வந்து கதவ தொறந்தாங்க.

பெரிய எடம், மருவாதி வேணாமா? செருப்ப வாசல்லயே வுட்டுட்டு பூந்தேன்.

கூரை வரிக்கும் ஸ்விட்ச்சு, குட்டி குட்டி லைட்டு. கேப்டன் என் கால பாத்துட்டு, "என்ன தம்பி, இது கோயிலா?"ன்னாரு.

"உங்க ஊடு மாதிரிதான சார்?"

சிரிச்சிகினே இருந்தவரு சிரிப்ப நிறுத்திட்டு, பின்னாடி சின்ன சீட்டுல என்ன உக்கார வச்சாரு. எதுர வானம், வேற ஒன்னியும் இல்ல. என் வாயி சும்மா இருந்தது அன்னிக்குத்தான்.

பாத்ரூமுக்கு வந்த மொதலாளியம்மா கண்ணுல செருப்பு மாட்டிச்சி. அவங்க பையன் போட்டு கய்ச்ச செருப்பு, அடையாளம் தெரியாதா? மீனம்பாக்கத்துல பொட்டி எடுக்கசொல்ல அம்மாகிட்ட மெதுவாத்தான் சொன்னாங்க: "நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

பஸ்ல அடி வுயும்னு குனிஞ்சிகினே இருந்தேன். பாடி ஸ்டாப்பு தாண்டுனதும் அம்மா, "உள்ள இன்னாடா இருந்துச்சி?"ன்னுச்சி. ஒன்னு வுடாம சொன்னேன். கேட்டு முட்ச்சிட்டு, "நான் ஜன்னலே பாக்கலடா. அசைஞ்சா கொழந்த முழிச்சிக்கும்"னுச்சி. அடுத்த வாரமே ஒரு கம்பெனில போல்ட்டு பொறுக்கி டப்பால போட போச்சி. முட்டி போறவரிக்கும் அதே வேல.

இப்ப அந்தக் காக்பிட்டு கதவு உள்ளேர்ந்து பூட்டுனது பூட்டுனதுதான், துப்பாக்கிக்கே அசையாதாம். மொதலாளி புள்ளைக்கும் கெடையாது, வேலக்காரி புள்ளைக்கும் கெடையாது. இப்டித்தான் எங்கள சமமாக்குனாங்க.

போன வருசம் அம்மாவ பிளேன்ல கூட்டிகினு போனேன். எறங்கசொல்ல அந்தக் கதவாண்ட நின்னுச்சி.

"அன்னிக்கு நான் கேட்டிருந்தா வுட்டிருப்பாங்களாடா?"

"வுட்டிருப்பாரும்மா. அந்தக் கேப்டன் நல்ல மனுசன்."

அம்மா அந்தக் கதவ ஒரு தபா தொட்டு பாத்துச்சி.

"அப்ப கொழந்தய யாரு வச்சிகினு இருப்பா?"