கரைந்துபோன வளையம்

என் அண்ணிக்குத் தயிர் ராசி என்பார்கள் தெருவில். ராசியெல்லாம் இல்லை, கைச் சுத்தம். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கிண்ணம் உறையில் தயிர் வியாபாரத்தைத் தொடங்கினார். மூன்று முறை வீடு மாறியபோதும் வண்டியில் அண்ணன் மடியில் டி.வி., அண்ணி மடியில் உறைக் கிண்ணம். "டி.வி. விழுந்தா வேற வாங்கலாம். இது விழுந்தா?" என்பார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் நுண்ணுயிரியல் பட்டத்தில் பாதி, தயிர் விற்ற காசு.

அந்தத் தயிருக்கு வந்தது வினை. அண்ணி தயிர் கொடுத்துவந்த ஆஸ்பத்திரி கேன்டீனின் மேனேஜர், இரண்டு இடத்தில் வாங்கிய தயிரை மேசையிலேயே மறந்துவிட்டு லீவில் போனார். வந்து பார்த்தால் ஒன்று நாறியது. அண்ணியுடையது புளித்திருந்ததே தவிர நாறவில்லை. கேன்டீன் வாசலில், சாப்பாட்டு வரிசை முழுக்கக் கேட்க, அண்ணியிடம் சத்தம் போட்டார்.

"மருந்து கலக்காம தயிர் இப்படி நிக்காதும்மா! நோயாளிங்க சாப்பிடறது. இனிமே வேண்டாம்."

அண்ணி நேராக என்னிடம் வந்தார். "தம்பி, வியாபாரம் போனா போகட்டும். கலப்படக்காரிங்கிற பேரோட நான் எப்படி வெளியில தலைகாட்டுறது?"

நான் வேலை பார்க்கும் பால் ஆலை ஆய்வகத்தில் அனுமதி வாங்கினேன். பாலைக் கெடுக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்து, நடுவில் குழியிட்டு, புளிப்பை முறித்த தயிர்நீரை ஊற்றினேன். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வளையம். உண்மையிலேயே மருந்துதானோ என்று எனக்கே சந்தேகம். புளிப்பே இல்லாமல் கொல்கிறதே!

படித்தது கைகொடுத்தது. தயிர்க் கிருமிகளில் சில, எதிரிகளைக் கொல்லக் குட்டிப் புரதங்களைச் சுரக்கும். புரதமென்றால் அதைச் செரிக்கும் நொதி கரைத்துவிடும். கலப்பட மருந்திடம் நொதியின் பாச்சா பலிக்காது.

மேனேஜரையே வரவழைத்து, அண்ணியின் கேனிலிருந்து தயிரை அவர் கையாலேயே எடுக்கவைத்தேன். ஒரு தட்டில் தயிர்நீர், ஒன்றில் கலப்பட மருந்து. இரண்டிலும் பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த நொதி. மூன்றாவதில் நொதி சேர்க்காத தயிர்நீர்.

"பப்பாளியா? கறி வேக நாங்க போடுவோமே!" என்றார்.

"அதேதான் சார். புரதத்தைத்தான் கரைக்கும்."

மறுநாள் காலை மேனேஜரும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி முதல் தட்டை எட்டிப் பார்த்தார். வளையம் இல்லை. முகம் வாடிவிட்டது.

"போச்சா? தோத்துட்டேனா?"

"ஜெயிச்சிட்டீங்க அண்ணி! மருந்துத் தட்டுல வளையம் அப்படியே இருக்கு. நொதி போடாத உங்க தட்டுலயும் இருக்கு. நொதி போட்டதும் உங்களோடது மட்டும் கரைஞ்சிருக்கு. அது மருந்தில்ல, தயிர்க் கிருமி செஞ்ச புரதம்."

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி மறுபடி குனிந்து பார்த்தார். "தப்பு என்னோடதும்மா. நாளைக்கே அனுப்புங்க."

"அனுப்புறேன். ஆனா அன்னைக்கு வாசல்ல வச்சு சொன்னீங்களே, இதையும் அங்கயே சொல்லுங்க."

சொன்னார், சாப்பாட்டு நேரத்தில், வரிசை நிற்கும்போதே. அண்ணி கேனை இறக்கி வைத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது சார். இன்னொரு தடவை!"