மணல்மேல் பரப்பிய ஏரிமண்

மாம்பலம் ஏரியைத் தூர்த்து வீட்டுமனை போட்டபோது, நாங்கள் அடையாற்றுக்குத் தெற்கே ஊரூர்க் குப்பத்தை ஒட்டிய மணல் நிலத்துக்கு வந்தோம். அதுவரை ஏரியின் கீழே நெல்லும் கீரையும் பயிர் செய்துகொண்டிருந்தோம். நிலம் எங்களுடையதல்ல, குத்தகை. போகச் சொன்னதும் கிளம்பினோம். சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மறுநாள் எந்த வழியாகப் பள்ளிக்கு நடப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

புதிய நிலம் மயிலாப்பூர்க்காரர் ஒருவருக்குச் சொந்தம். அவருடைய காரியஸ்தர் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆடி பிறப்பதற்குள் ஏதாவது பயிர் கண்ணில் தெரிந்தால் குத்தகை நைனாவுக்கு. இல்லாவிட்டால் நிலம் முழுவதும் சவுக்குக் கன்று வைப்பார்கள். வேண்டுமானால் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் கூலிவேலையை நைனா பார்க்கலாம். என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதுவரை யாரிடமும் கூலிக்குப் போனதில்லை.

பங்குனியில் எங்களுக்குப் பூகோள வகுப்பில் மண்வகைகள் நடந்தன. வீட்டு மண் ஒரு பிடி கொண்டுவரும்படி டீச்சர் சொல்லியிருந்தார். சிலர் தோட்டத்துச் செம்மண் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வெறுங்கையோடு வந்து, "எங்காத்துல மண்ணுக்கு எங்கேடி போறது, முத்தமெல்லாம் கல்லு போட்டிருக்கு" என்றாள். நான் இரண்டு கொட்டாங்கச்சி கொண்டுபோயிருந்தேன். ஒன்றில் ஏரிக் களிமண், இன்னொன்றில் எங்கள் புது வீட்டு மணல். டீச்சர் இரண்டிலும் தண்ணீர் ஊற்றினார். மணல் உடனே குடித்துவிட்டது. களிமண்மேல் தண்ணீர் அப்படியே நின்றது. எதில் எது விளையும் என்று கேட்டதற்கு நான்தான் முதலில் எழுந்தேன். களிமண்ணில் நெல், மணலில் சவுக்கு, தென்னை, முந்திரி.

சாயங்காலம் அதை நைனாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அப்போ அந்த மண்ண இங்க கொண்டாந்துட்டா?" என்று கேட்டார். நான் புத்தகத்தை எடுத்து அந்தப் பாடத்தை மறுபடி படித்துப் பார்த்தேன்.

கோடையில் ஏரி வற்றியதும் அடிவண்டலை அள்ளி வயலில் கொட்டுவது மாம்பலத்தில் வருஷாவருஷம் நடப்பது. தூர்த்தது போக மிஞ்சிய ஏரியில் வண்டல் இன்னும் கிடந்தது, யாரும் தடுக்கவில்லை. சித்திரை முழுவதும் நைனா, என் மாமாவின் வண்டியில் அதை ஏற்றி அடையாற்றுப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தார். மணல்மேல் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, வரப்பு கட்டிப் பாத்தி பிடித்தார். கீரை விதையை மணலோடு கலந்துதான் தூவ வேண்டும். மாம்பலத்தில் அதற்கு மணல் தேடி அலைவோம். இங்கே குனிந்தால் போதும். அம்மா அதற்கு மட்டும் சிரித்தாள்.

விதை முளைத்தது. பள்ளி திறந்த வாரம், காலையில் கிளம்பும்போது பாத்திகளில் பச்சை தெரிந்தது.

மாம்பலத்தில் பாய்ச்சியது போலவே நைனா இங்கேயும் பாய்ச்சினார். பாத்தி ததும்பத் தண்ணீர் விடுவார், பிறகு நாலைந்து நாள் அந்தப் பக்கமே போகமாட்டார். குப்பத்திலிருந்து மீன்கூடையோடு எங்கள் நிலத்தின் வழியாக அடையாற்றுக்கு மீன் விற்கப் போகும் அம்மாள் ஒருத்தி நின்று பார்த்தாள்.

"இன்னா நைனா, புள்ளைக்கு வாரத்துக்கு ஒரு வேளைதான் சோறா? அடியில மணலு கீது. இப்ப குடிச்சிட்டு இப்பவே பசிக்குதுன்னும்."

"மேல கீறது ஏரி மண்ணு. தாங்கும்" என்றார் நைனா.

ஏரியின் கீழே அந்த மண் தாங்கியது, அதற்கு அடியிலும் அதே மண் இருந்ததால். இங்கே ஒரு சாணுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆனி வெயிலில் பாத்திகள் வெடித்தன. மண் வில்லை வில்லையாகப் பிரிந்து, சுட்ட அப்பளம் போல ஓரம் சுருண்டது. ஒவ்வொரு வில்லையிலும் ஏழெட்டுக் கீரை நின்றது. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். கீழே காய்ந்த மணல், வேர்கள் அறுந்து நூல் போலத் தொங்கின. அம்மா குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். தண்ணீர் வெடிப்புகளின் வழியே இறங்கிப் போயிற்று. நைனா அவளைத் தடுக்கவும் இல்லை, கூட ஊற்றவும் இல்லை.

ஆடி முதல் வாரம் காரியஸ்தர் வந்தார். செருப்பு முனையால் ஒரு வில்லையைப் புரட்டினார்.

"சமுத்திரக் கரையில வந்து ஏரி கட்டிண்டு இருக்கியேப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னார்.

நைனா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கன்னு எப்ப வருதுங்க, சாமி?" என்று கேட்டார்.

மழைக்காலத்தில் கன்றுகள் வந்தன. அதற்கு முன்பே அம்மா அந்த வில்லைகளைக் கூடையில் பொறுக்கி வந்திருந்தாள். மணலில் அடுப்பு போட முடியாமல் அதுவரை மூன்று கல்லை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தோம். வில்லைகளை உடைத்து ஊறவைத்து, வைக்கோல் தூள் சேர்த்து மிதித்து, இரட்டை அடுப்பு ஒன்று போட்டாள். கீரை வேர்கள் அதற்குள்ளேயே இருந்தன. அடுப்பு வெடிக்காமல் காய்ந்தது.

மழை விட்டு, நைனா கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கிய நாளன்று அந்த அடுப்பில் கடை அரிசி வெந்தது. மாம்பலத்து நெல் தீர்ந்து, எங்கள் வீட்டில் கடை அரிசி வெந்தது அதுதான் முதல் தடவை. நான் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். நைனா இரண்டு குடங்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்து, சோறு வடித்தாயிற்றா என்று கேட்டார்.