குலுக்கலில் இல்லாத பெயர்கள்

முனைவர் பட்டத்துக்கு அறிவுமதி கொண்டுவந்த தலைப்பைப் பார்த்ததும் அவளுடைய நெறியாளர் சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பழைய ஏதென்ஸ்ல குலுக்கல் போட்டு அதிகாரிங்கள எடுத்ததா? ஏம்மா, உத்திரமேரூர் குடவோலை பக்கத்துலயே இருக்கு. அதை எடுத்தா சீக்கிரம் முடிச்சிடலாம்."

"அதைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க சார்."

"இதுக்கு மூலமெல்லாம் கிரேக்கத்துல இருக்குமே. தெரியுமா உனக்கு?"

"கத்துக்கிறேன் சார்."

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிற தசரதன், ஜோதியம்மாள் தம்பதியின் ஒரே பெண். செங்கம் ரோட்டில் வாடகைக்கு எடுத்த அறையில், நகல் எடுத்த இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் விடியற்காலையில் உட்கார்ந்தாள். ஒரே வினைச்சொல் நூறு விதமாக உருமாறியது. அட்டவணைகளை அடுப்புக்கு மேல் சுவரில் ஒட்டிவைத்தாள். ரசம் கொதித்து அவை மஞ்சளாகின. எதிர் விடுதிக்கு வந்த கிரேக்கப் பெண்ணிடம் ஒருநாள் ஆசையாகப் போய்ப் பேசினாள். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இப்படி யாரும் பேசி ரெண்டாயிரம் வருஷம் ஆகுது என்றாள்.

ஆறு வருடத்தில் ஆய்வேடு முடிந்தது. அதற்கப்புறம்தான் சோதனை. அதைப் படித்து மதிப்பிட ஆள் கிடைக்கவில்லை. தனக்குக் கிரேக்கம் தெரியாது என்று ஒருவர் திருப்பி அனுப்பினார். இன்னொருவர் பதிலே போடவில்லை. பட்டம் இல்லாததால் ஒரு நிரந்தர வேலையும் கைநழுவியது.

"கிரேக்க மேற்கோளையெல்லாம் எடுத்துடேன். யாராவது வாங்கிப்பாங்க," என்றார் சக்கரபாணி. அவரும் பாவம், எத்தனை பேருக்குத்தான் கடிதம் எழுதுவார்?

"அதை எடுத்துட்டா இது என் வேலையே இல்ல சார்."

இரண்டு வருடம் கழித்து டெல்லிப் பேராசிரியர் ஒருவர் ஒப்புக்கொண்டார். பதினோரு பக்க அறிக்கை வந்தது. அதில் ஒன்பது பக்கம் தவறுகள். அறிவுமதிக்கு வருத்தமே வரவில்லை. ஒருத்தர் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார் என்று அதை இரண்டு தடவை வாசித்தாள்.

வாய்மொழித் தேர்வு பௌர்ணமியில் வந்து விழுந்தது. ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். தசரதனும் ஜோதியம்மாளும் கிரிவலக் கூட்டத்தோடு நடந்துவந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். டெல்லிக்காரரின் கேள்விகளுக்கு அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். கூட்டத்திலிருந்தும் கேட்கலாம் என்றார்கள். ஜோதியம்மாள் எழுந்தாள்.

"அந்தக் குலுக்கல்ல பொம்பளைங்க பேரும் போடுவாங்களா?"

"இல்லம்மா. அடிமைங்க பேரும் கிடையாது."

"அப்போ பாதி ஊருக்கும் ஜாஸ்தி வெளிய நிக்குதே! அதை எழுதினியா?"

"ஒரு பக்கம் எழுதியிருக்கேன்."

"ஒரு பக்கம்தானா?" என்று சொல்லி அவள் உட்கார்ந்துகொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. டெல்லிக்காரர் தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

பட்டம் கிடைத்தது. அடுத்த வருடம் வேலையும் நிரந்தரமானது. ஆனால் அந்த ஒரு பக்கம் அறிவுமதியை விடவில்லை. குலுக்கலில் பெயர் வராதவர்களைத் தேடிக் கல்வெட்டு நகல்களோடு ஏழு வருடம் உட்கார்ந்தாள். கிடைத்தவையெல்லாம் துண்டு துண்டு வரிகள். அவற்றைக் கோத்த புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பலர் கேட்டும், முதலில் தமிழில்தான் எழுதினாள்.

ஜோதியம்மாள் அதை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நாளைக்கு இரண்டு பக்கமாகப் படிக்கிறாள். சந்தேகம் வந்தால் உடனே போன். போன வாரம், விடுதலை பெற்ற ஓர் அடிமைப் பெண்ணைப் பற்றிக் கேட்டாள்.

"கம்பளி நூல் நூத்தாளே, அவ அப்புறம் எங்க போனா? நீ எழுதவே இல்லையே."

"கல்லு அதோட உடைஞ்சிருக்கும்மா."

மறுமுனையில் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரி, போகட்டும். பேராவது இருக்கே," என்றாள் ஜோதியம்மாள்.