அக்காவின் வாயில் அன்னாசி வாசனை

என் அக்காவுக்குச் சர்க்கரை வியாதி வந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் தினமும் முட்டை வாங்க ஆரம்பித்தார்கள். வாங்கினது அவளுக்கு. அவித்து, உரித்து, மிளகுத்தூள் தூவி அவள் தட்டில் வைத்தது அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாலேயே தின்றது நான்.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து எடுக்கிற வேலை. அக்கா அப்போதுதான் பிளஸ் ஒன் சேர்ந்து பஸ்ஸில் டவுனுக்குப் போய்வர ஆரம்பித்திருந்தாள். நான் ஆறாம் வகுப்பு. எனக்குப் பஸ் கிடையாது, எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு நடைதான்.

அவளுக்கு வந்தது வயசானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை, பிள்ளைகளுக்கு வருகிற சர்க்கரை. மாத்திரையில் அடங்காது, வேளாவேளைக்கு இன்சுலின் ஊசிதான், அதுவும் ஆயுசுக்கும். இதை அம்மா லயத்துப் பெண்களிடம் அழுதுகொண்டே சொல்லும்போதெல்லாம் நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன பிரயோஜனம்? ஆயுசுக்கும் இவளுக்கு முட்டை உண்டு என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு. பெரிய மண்சட்டியில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் ஒரு சின்னக் கலயத்தைப் பதித்து, அதில் இன்சுலின் பாட்டிலை வைத்திருந்தோம். மணல் காயாமல் தண்ணீர் தெளிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அவள் குடம் தூக்கக் கூடாது, விறகு பொறுக்கக் கூடாது, களைத்துவிடுவாளாம். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு கஷாயம், மறுநாள் பள்ளிக்கூடம். அவளுக்குத் தலைவலி என்றால் அப்பா லீவு போடுவார். ஓரவஞ்சனை என்ற வார்த்தையை எங்கள் டீச்சர் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே எனக்கு அதற்கு அர்த்தம் தெரியும்.

முதலில் அம்மாதான் ஊசி போட்டாள். பிளஸ் ஒன் போனதும், இனி நானே போட்டுக்கொள்கிறேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். அதே வாரத்தில் நான் தனியாகக் கடைக்குப் போய் மாவு வாங்கி வந்தேன். அதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் அவள் பள்ளியில் கலோற்சவம் என்கிற கலைவிழாப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். அக்கா குரூப் டான்ஸில் சேர்ந்தாள். ஊசி போட ஆரம்பித்த பிறகு அவளுக்கு உடம்பு கொஞ்சம் வைத்திருந்தது. டவுன் பிள்ளைகள் அவளைப் பின்வரிசையில் தள்ளி, குண்டு என்று கேலி செய்தார்களாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் என் சந்தோஷம் நிலைக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே அவள் மெலிய ஆரம்பித்தாள். முட்டை தின்றபடியே மெலிந்தாள். முகம் நீண்டு, கழுத்தெலும்பு தெரிந்து, சினிமாக்காரி மாதிரி ஆகிவிட்டாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டாள். முன்வரிசையில், அதுவும் நட்டநடுவில், அவளை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் வரும் பிள்ளைகள் எல்லாம் அவளிடம் என்ன செய்கிறாய், எப்படி மெலிந்தாய் என்று கேட்டார்களாம். அவள் சிரித்து மழுப்பிவிடுவாளாம். நான் பிறந்ததிலிருந்தே குச்சியாகத்தான் இருக்கிறேன், என்னை ஒருத்தி கேட்டதில்லை.

அப்புறம்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அவள் பக்கத்தில் படுக்கிறவள் நான். மூச்சு விடும்போது ஒரு வாசனை வந்தது. நன்றாகக் கனிந்து, இன்னும் ஒரு நாள் போனால் கெட்டுவிடும் என்கிற அன்னாசிப்பழ வாசனை. டவுன் பஸ் ஸ்டாண்டில் அன்னாசியைத் துண்டு போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்பார்கள். எனக்கு அதில் உயிர். அடிப்பாவி, வீட்டில் முட்டையும் தின்றுவிட்டு, இனிப்பே ஆகாது என்று எல்லாரையும் நம்பவைத்துவிட்டு, தினமும் பஸ் ஸ்டாண்டில் அன்னாசி தின்றுவிட்டு வருகிறாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவள் குளிக்கப் போன நேரத்தில் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். பழச்சீவல் இல்லை, காகிதம் இல்லை. கைகாரி, தடயமில்லாமல் தின்றிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததற்கும் எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அவ்வளவு மிளகாய்த்தூள் தின்றால் தாகம் எடுக்கத்தானே செய்யும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு கிடந்தாள், ஒரு தடவை வாந்தியும் எடுத்தாள். டான்ஸ் ஆடிய அலுப்பு என்று அம்மா சீரகத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்தாள். நான் பைப்படியில் வரிசையில் நின்று ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்தேன். அதில் பாதியை அக்காவே குடித்துவிட்டாள் போலிருக்கிறது, அம்மா மறுபடி குடத்தை நீட்டினாள்.

"ஏட்டி, அக்காவுக்கு முடியல பாரு. இன்னொரு நடை போயிட்டு வா."

அவ்வளவுதான். எனக்குள் அத்தனை நாள் கிடந்தது எல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அவளுக்கு ஒண்ணும் முடியாம இல்ல. தெனமும் பஸ் ஸ்டாண்டுல அன்னாசிப்பழம் வாங்கித் திங்கிறா. எனக்கு ஒரு துண்டு கொண்டாந்திருக்காளா? வேணும்னா அவ வாயை மோந்து பாரு."

அம்மா கையிலிருந்த துணியை அப்படியே விட்டாள். சோப்பு நுரை வடிகிற கையோடு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன், இந்த வீட்டில் முதல் தடவையாக அவளுக்கு விழப்போகிற அறையைப் பார்க்காமல் விடுவேனா? அம்மா குனிந்து அக்காவின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். மோந்தாள். கன்னத்தைத் தட்டிக் கூப்பிட்டாள். அக்கா கண்ணைத் திறந்தாள், ஆனால் சொருகிக்கொண்டு போனது. மூச்சு மட்டும் ஓடி வந்தவளைப் போல இழுத்து இழுத்து வந்தது.

அறை விழவில்லை. அம்மா அப்பாவைக் கூப்பிட்ட சத்தத்தில் லயமே வெளியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமா ஜீப்புக்கு ஓடினார். அப்பா அக்காவைச் சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஏறினார். அம்மா செருப்புக்கூடப் போடவில்லை. கோட்டயம் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று யாரோ சொன்னார்கள். நான் குடத்தோடு வாசலில் நின்றேன். அதுவரை நான் குட்டிக்கானம் வளைவைத் தாண்டியது கிடையாது. அன்னாசி தின்றவளுக்குக் கோட்டயம், காட்டிக்கொடுத்தவளுக்குக் காலிக் குடம். பக்கத்து வீட்டு மாமி என்னைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அவர்கள் அக்காவோடு திரும்பி வந்த பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அன்னாசியும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்சுலின் போகாவிட்டால் உடம்பு தன்னையே எரித்துத் தின்ன ஆரம்பித்துவிடுமாம், அப்போது மூச்சில் அந்தப் பழ வாசனை வருமாம். நோய் வந்த புதிதிலேயே டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார், அந்த வாசனை வந்தால் ஒரு நிமிஷம் நிற்காதே என்று. அம்மாவுக்குச் சளி கட்டிய மூக்கு, வேலைக்குப் போய் வந்து அசந்து தூங்குகிறவள், நான் சொல்லும்வரை தெரியவில்லை. அரை நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாளாம்.

கதவைச் சாத்திக்கொண்ட அக்கா, மருந்தை ஊசியில் ஏற்றி ஜன்னல் வழியாகப் பீச்சிவிட்டிருக்கிறாள். ஊசி போட்டதால்தானே உடம்பு வைத்தது, குறைத்தால் மெலியலாம் என்று அவளாகவே கணக்குப் போட்டாள். முதலில் பாதி போட்டிருக்கிறாள். முன்வரிசை கிடைத்ததும் அதை விட மனசில்லாமல், கடைசியில் போடவே இல்லை. செத்துப்போவாய் என்று தெரியாதா என்று அம்மா கேட்டதற்கு, கலோற்சவம் முடிகிறவரைக்கும்தானேம்மா என்று சொன்னாளாம். அவள் இடத்தில் வேறொருத்தி ஆடினாள்.

அப்பா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார், சின்னவதான் பெரியவ உசுரைக் காப்பாத்துனா என்று. என்னைப் பார்த்தவர்களெல்லாம் தலையைத் தடவினார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. புகழ்ச்சியைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எனக்கு அன்றைக்கும் இல்லை. ஆனால் புகழ்ச்சியால் என்ன லாபம்? இப்போது அம்மா அக்காவின் பக்கத்தை விட்டு நகர்வதே இல்லை. அவளே ஊசி போட்டு, மருந்து முழுக்க உள்ளே போகிறவரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காப்பாற்றி எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் அம்மா வேலைக்குப் போகாமல் எனக்குத் தலை சீவி, நல்ல சட்டை போட்டுவிட்டு, எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூடப்பிறந்தவளுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். விஷயம் தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் எதிர்ப்பட்ட கூட்டாளியிடம், எனக்கும் சர்க்கரை இருக்கிறது, பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அம்மா என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாள். இனிமேல் இந்தக் கை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மலையாளத்து நர்ஸம்மா விரலில் குத்தினார். நான் முகத்தைச் சுளிக்கவில்லை, இன்னொரு விரலை வேண்டுமானாலும் நீட்டியிருப்பேன். அம்மா அந்தச் சின்ன மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"குட்டிக்கு ஒண்ணும் இல்ல கேட்டோ," என்றார் நர்ஸம்மா. "எல்லாம் நார்மல்."

அம்மா டிஸ்பென்சரித் தரையில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். எனக்காக அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாவம், அவளுக்கும் என்னைப்போலவே ஏமாற்றமாகப் போய்விட்டது என்று எண்ணி, அவள் மடியில் விழுந்து நானும் அழுதேன்.